நூரளையில் பறக்கும் பந்தும் சிமியுலேட்டர் காட்டும் தூரமும்: மலையக கோல்ப் ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் 7-அயன் மட்டையால் 150 யார்ட் அடிக்கிற ஒருவர், அதே அடியை நுவரெலியாவில், அதாவது நூரளையில், அடித்தால் பந்து கிரீனின் (குழி இருக்கும் புல்தரையின்) பின்பக்கம் போய் விழும். திரையை நோக்கி அடிக்கும் பந்தை அளந்து தூரம் சொல்லும், அறைக்குள் இருக்கிற சிமியுலேட்டரோ, நாமாக மாற்றிச் சொல்லாதவரை, இரண்டு ஊரிலும் 150 என்றே காட்டும். இதைப் பார்த்துவிட்டு "மிஷின் பொய் சொல்லுது" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிஷின் காட்டுவதே வேதம் என்று நம்பி, திடலில் மட்டை மாற்றி எடுத்துத் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல சிமியுலேட்டர் தான் கண்ணால் கண்டதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. அது காணாத பகுதியைப் பற்றி நாம் கொடுக்கும் தகவல்தான் பிழையாகிப்போகிறது. மலையகத்தில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இதை எழுதும்போது என் மனதில் இருப்பவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். ஆட்டக்காரருக்குக் கெடியாகப் பை தூக்கி, இரவல் மட்டையில் ஆடப் பழகி, நூரளைத் திடலின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காலால் அறிந்து வைத்திருப்பவர்கள். அவர்கள் போட்டிக்கென்று கொழும்புக்கு இறங்கும்போது பந்து கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறது. திறமையில் குறை இல்லை, காற்றுதான் மாறிவிட்டது. ஒரு சிமியுலேட்டரைச் சரியாக அமைத்துக்கொண்டால் அந்தக் காற்றை மலையில் இருந்தபடியே பழகிவிடலாம்.

படி 1: கருவி எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போடுகிறது

மட்டையிலிருந்து பந்து கிளம்பிய உடனே ஐந்து விடயங்கள் முடிவாகிவிடுகின்றன: பந்தின் வேகம், மேலே எழும் கோணம், இடம் வலமாகக் கிளம்பும் திசை, சுழலும் வேகம், சுழல் அச்சின் சாய்வு (பந்தை இடம் வலமாக வளைப்பது). அறைக்குள் பந்தில் கருவி அளக்கக்கூடியவை இவைதான். திரையில் நாம் ஆவலோடு பார்க்கும் மற்ற எல்லாம், அதாவது கெரி தூரம் (அடித்த இடத்திலிருந்து பந்து முதலில் தரையைத் தொடும் இடம் வரை), உச்சி உயரம், இறங்கும் கோணம், வளைவு, உருளும் தூரம் ஆகியவை, மென்பொருள் போடும் கணக்கு.

அளப்பதிலும் இரண்டு வகை உண்டு. கமரா வகைக் கருவிகள் பந்துக்குப் பக்கத்திலோ கூரையிலோ இருந்துகொண்டு, பந்து கிளம்பிய முதல் சில அங்குலங்களைப் படம் பிடிக்கின்றன. ஜிசிக்வாட் நான்கு கமராவோடு பக்கத்தில் வைப்பது. யூனிக்கோர் ஐ எக்ஸ்ஓ தலைக்கு மேலே பூட்டுவது. ராடார் வகைகள் பந்துக்குப் பின்னால் இருந்து அது போகும் போக்கைத் தொடர்கின்றன. ட்ராக்மேன், மெவோ பிளஸ், கார்மின் ஆர்10 ஆகியவை இந்தப் பக்கம். இரண்டையும் கலந்து செய்யும் கருவிகளும் வந்துவிட்டன.

வெளித்திடலில் ராடாருக்குப் பெரிய பலம் உண்டு. பந்து பறப்பதை நெடுந்தூரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் அந்தப் பலம் போய்விடுகிறது. நொடிக்கு 50 மீற்றர் வேகத்தில் கிளம்பும் ஒரு 7-அயன் பந்து, 3 மீற்றர் தள்ளி இருக்கும் திரையை 0.06 நொடியில் அடைந்துவிடும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்று வைத்தால் அதற்குள் அது ஆறு தடவைதான் சுழன்றிருக்கும். இந்தச் சொற்ப நேரத்தில் வளைவு கண்ணுக்கே தெரியாது. ஆகவே சுழற்சியைப் பிடிக்க ராடாருக்கு உதவி தேவை. பந்தில் உலோகப் புள்ளி ஒட்டுவதும், டைட்டலிஸ்ட் ஆர்சிடி போல உள்ளுக்குள் ராடாருக்கான அடையாளம் வைத்துச் செய்த பந்தைப் பாவிப்பதும் அதற்காகத்தான். அந்த உதவி இல்லாதபோது பல கருவிகள் சுழற்சியை மற்ற எண்களை வைத்து ஊகித்துவிடுகின்றன.

எனவே முதல் வேலை, உங்கள் கருவியின் கையேட்டை எடுத்து எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகித்தது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது. சில மென்பொருள்களில் ஊகித்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் இருக்கும், அல்லது எழுத்தின் நிறம் மாறும். கடைக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 2: நூல் பிடித்து நேர் பார்க்கவும்

திசையில் ஒரு பாகை பிசகினால் 150 யார்டில் 2.6 யார்ட் விலகும், 220 யார்டில் 3.8 யார்ட். கருவி ஒரு பாகை திரும்பி உட்கார்ந்திருந்தால் உங்கள் ஒவ்வொரு அடியும் அந்த அளவுக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ போவதாகக் காட்டும். நீங்கள் அதைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, நன்றாக இருந்த சுவிங்கை (மட்டை வீச்சை) கெடுத்துக்கொள்வீர்கள். இது நடப்பதற்கு முன் தடுக்கக்கூடிய சேதம்.

மேசன்மார் பாவிக்கும் நூலை, பந்து வைக்கும் இடத்திலிருந்து திரையின் நடுக்கோட்டுக்கு இழுத்துக் கட்டவும். கருவியின் கோடு அந்த நூலோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்துத் தளத்தைப் பார்க்கவும். பழைய பங்களாக்களின் பலகைத் தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பது சாதாரணம். பந்து வைக்கும் இடமும் கருவி நிற்கும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் எழும் கோணம் பிழையாக வரும். மேட் (நின்று அடிக்கும் செயற்கைப் புல் விரிப்பு) அரை அங்குலம் உயரமாக இருந்தால் கருவிக்கு அடியிலும் அதே உயரத்துக்குப் பலகை கொடுக்க வேண்டும்.

ராடார் என்றால் பின்னால் எத்தனை அடி, முன்னால் எத்தனை அடி என்று கையேடு சொல்லும் இடைவெளியை ஒரு அங்குலம்கூடச் சுருக்க வேண்டாம். இடம் போதாத அறைக்கு கமரா வகைதான் பொருத்தம்.

மலைக்குளிருக்கென்று ஒரு விடயம்: ஈரப்பதம். இரவில் பூட்டிக் கிடந்த அறையில் காலையில் ஹீட்டரைப் போட்டதும் கமராக் கண்ணாடியில் பனி படியும். அந்த நேரம் அடித்தால் சுழற்சி எண் தாறுமாறாக வரும், அல்லது அடியையே பிடிக்காது. அரை மணி நேரம் அறை சமநிலைக்கு வர விடுங்கள். பாவிக்காத நேரத்தில் கருவியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டால் அதைத் திருத்துவது செலவான வேலை. அப்புறம், மின் அழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் இல்லாமல் கணினியையும் புரொஜெக்டரையும் ஓட்டக்கூடாது.

படி 3: காற்றைச் சொல்லிக்கொடுப்பது

மலையகத்தில் இருப்பவர்களுக்கு மிக முக்கியமான படி இதுதான். பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பறக்கும் பந்தின் மீது மூன்று விசைகள் வேலை செய்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. காற்றுத்தடை வேகத்தைக் குறைக்கிறது. பின்சுழற்சி கொடுக்கும் ஏற்றம் பந்தை மேலே தாங்குகிறது. பின்னைய இரண்டும் காற்றின் அடர்த்தியோடு நேராகக் கூடிக் குறைபவை. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸில் காற்றின் நியம அடர்த்தி கனமீற்றருக்கு 1.225 கிலோகிராம். கொழும்பின் 30 பாகை ஈர வெக்கையில் அது சுமார் 1.15. விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், சுமார் 450 மீற்றர் உயரத்தில் இருக்கும் திகன விக்டோரியாத் திடல் பக்கம் 1.10 அளவில் இருக்கும். நுவரெலியா சுமார் 1868 மீற்றர் உயரம். 16 பாகை என்று வைத்தால் அங்கே அடர்த்தி கிட்டத்தட்ட 0.97. கொழும்பை விட 15 சதவீதம் குறைவு. நூரளையில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேகத் தாமதிப்பதும் இதே காற்றழுத்தக் குறைவால்தான்.

அடர்த்தி 15 சதவீதம் குறைந்தால் தூரமும் 15 சதவீதம் கூடுமா? கூடாது. தடை குறையும்போது ஏற்றமும் சேர்ந்து குறைகிறது. அதனால் கெரி தூரத்தில் கிடைக்கும் இலாபம் அடர்த்தி இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சுமார் 1600 மீற்றர் உயரத்தில் இருக்கும் அமெரிக்க நகரமான டென்வரில் 6 சதவீதம் என்று ஆட்டக்காரர்கள் கணக்கு வைப்பது வழக்கம். நுவரெலியாவையும் கொழும்பையும் ஒப்பிட்டால் 5 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நுவரெலியாவின் குளிர் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. 150 யார்ட் அடிக்கு 7 அல்லது 8 யார்ட். கிட்டத்தட்ட ஒரு மட்டை வித்தியாசம்.

தூரத்தோடு பறக்கும் வடிவமும் மாறுகிறது. மெல்லிய காற்றில் பந்து தாழ்வாகப் போகிறது, சாய்வாக இறங்குகிறது, அதிகம் உருளுகிறது, குறைவாக வளைகிறது. ஆகவே கடல்மட்ட எண்ணில் 5 சதவீதத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டால் போதும் என்று விட்டுவிட முடியாது. அந்தக் கணக்கை மென்பொருளே செய்ய வேண்டும். செய்யும் வசதி பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

அமைப்புப் பகுதியைத் திறந்து உயரம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைத் தேடுங்கள். இங்கே மூன்று இடங்களில் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

முதலாவது, எந்த ஊரின் உயரம் என்ற கேள்வி. அறைக்குள் கருவி அளப்பது பந்து கிளம்பிய முதல் சில அடி தூரத்தை. அதில் ஊரின் உயரம் ஏறக்குறைய எந்த மாற்றமும் செய்யாது. ஆகவே உயரம் என்ற கட்டத்தில், பந்து எந்தத் திடலில் பறப்பதாகக் கணக்குப் போட வேண்டுமோ அந்த ஊரின் உயரத்தைக் கொடுக்க வேண்டும். பண்டாரவளையில் அறை இருந்தாலும் நுவரெலியாப் போட்டிக்குப் பழகினால் 1868. நுவரெலியாவில் இருந்துகொண்டு றோயல் கொழும்பு கோல்ப் கிளப்பில் ஆடப்போகிறீர்கள் என்றால் பூச்சியமும் 30 பாகையும்.

இரண்டாவது, காற்றழுத்தம். சில மென்பொருள்கள் உயரத்துக்குப் பதிலாக அழுத்தத்தைக் கேட்கும். கைபேசி வானிலைச் செயலியில் நுவரெலியாவுக்கு 1013 போல ஒரு எண் தெரியும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண். வானிலைக்காரர்கள் ஊர்களை ஒப்பிடுவதற்காக அப்படிச் சொல்வார்கள். பந்து உணரும் உண்மையான அழுத்தம் அங்கே சுமார் 810 ஹெக்டோபாஸ்கல். 1013 என்று கொடுத்துவிட்டால் மலையை இடித்துக் கடற்கரையாக்கிய மாதிரிதான். அழுத்த உணரி உள்ள கைபேசியில், கடல்மட்டத்துக்கு மாற்றாத நேரடி எண்ணைக் காட்டும் செயலியைப் பாவியுங்கள்.

மூன்றாவது, "நோர்மலைஸ்" என்று சில கருவிகளில் இருக்கும் தெரிவு. எந்த ஊரில் அடித்தாலும் ஒரு நியம நிலைக்கு மாற்றிக் காட்டுவது அது. மட்டை தேர்ந்தெடுக்கப் போகும்போது நல்லது. நூரளைத் தூரம் வேண்டும் என்றால் அதை அணைத்துவிடுங்கள், அல்லது அதற்குள் உங்கள் உயரத்தையும் வெப்பத்தையும் கொடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜிஎஸ்புரோ போன்ற மென்பொருள்கள் கருவியிடமிருந்து ஐந்து அளவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு பறப்பைத் தாங்களே கணக்கிடுகின்றன. கருவியின் சொந்தச் செயலி வேறு கணக்குப் போடும். ஒரே அடிக்கு இரண்டு தூரம் தெரிந்தால் பதற வேண்டாம். எதை நம்புவது என்பதைப் படி 6 முடிவு செய்யும். அதுவரை ஒரு மென்பொருளையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மூடுபனி, ஈரம், பந்தின் சூடு

"மிஸ்ட் இறங்கினா காத்து கனமாகும், பந்து போகாது" என்று திடலில் பலர் சொல்வார்கள். ஆவி நிலையில் இருக்கும் நீரின் மூலக்கூறு காற்றின் சராசரி மூலக்கூறை விட எடை குறைந்தது, 29க்கு 18 என்ற அளவில். ஈரப்பதம் கூடினால் காற்று துளியளவு மெலிகிறது. தூரத்தில் அதன் பங்கு கவனிக்கவே தேவையில்லாத அளவு. ஆனாலும் மூடுபனி நாளில் பந்து குறைவாகப் போவதை அவர்கள் கண்ணால் கண்டுதான் சொல்கிறார்கள். காரணம் குளிர், நனைந்த மட்டை, நனைந்த பந்து.

குளிர்ந்த பந்தின் துள்ளல் குறைவு. ஹீட்டர் போட்ட அறையில் 22 பாகையில் கிடந்த பந்தை அடித்து, மென்பொருளில் 10 பாகை என்று கொடுத்தாலும், கருவி அளந்த வேகம் சூடான பந்தின் வேகம்தான். காற்றின் குளிரை மென்பொருள் சேர்த்துக்கொள்ளும், பந்துக்குள் இருக்கும் குளிரைச் சேர்க்காது. சோதனைக்குக் கொண்டுபோகும் பந்துகளை இரவில் வீட்டுக்குள் வைத்திருந்தால் இந்த இடைவெளி குறையும். பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அதன் இயல்பை மாற்றி ஆடுவது கோல்ப் விதி 4.2க்கு முரணானது, அதையும் மனதில் வையுங்கள்.

மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் தண்ணீர் படிந்தால் உராய்வு குறையும். வெட்ஜில் (கிட்டத் தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் மட்டையில்) சுழற்சி பெருமளவு விழும், பந்து உயரமாகக் கிளம்பும், கிரீனில் நிற்காது. காய்ந்த அறையில் அடித்த வெட்ஜ் எண்கள் நூரளைக் காலைப்பொழுதுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். இதை அறைக்குள்ளேயே பார்த்துவிடலாம். தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சலூன் போத்தல் ஒன்றை எடுத்து, மட்டை முகத்திலும் பந்திலும் மெல்லத் தெளித்துவிட்டு அரை வெட்ஜ் அடிகள் சில அடியுங்கள். சுழற்சியும் எழும் கோணமும் எப்படி மாறுகின்றன என்று திரை காட்டும். ஈர எண், காய்ந்த எண் என்று இரண்டாக எழுதி வையுங்கள். மலையில் ஆடுகிறவருக்கு இந்தச் சோதனை தருவதைப் பல பயிற்சி வகுப்புகள் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

படி 5: மேட் மறைப்பது

பந்துக்குப் பின்னால் முதலில் மண்ணில் இறங்கிய மட்டை, புல்லில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பந்து பாதித் தூரத்தில் விழும். மேட்டில் அதே மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சுத்தமாகவே அடித்துவிடும். கருவி பந்தை மட்டும் அளப்பதால் நல்ல அடி என்று காட்டும். இங்கே கருவியில் பிழை இல்லை, மேட் உங்களைக் காப்பாற்றிவிட்டது.

பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் முகப்பவுடரை ஒரு கோடாகத் தூவுங்கள். கோடு கலைந்த அடிகளை எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம். மெல்லிய மேட் மணிக்கட்டையும் முழங்கையையும் நோகடிக்கும், அதற்காகவும் தடித்த மேட் வாங்குவது நல்லது.

சரிவில் நின்று அடிப்பதை சமதள அறை கற்றுத்தராது. வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தை விட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், முகச்சாய்வு கூடிய மட்டையில் இன்னும் அதிகமாக. அதைத் திடலில்தான் பழக வேண்டும்.

படி 6: வெளியே கொண்டுபோய் ஒப்பிடுவது

இதுவரை செய்தது எல்லாம் ஆயத்தம். சிமியுலேட்டர் சொல்வது உண்மையா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, வானத்தில் பறந்து தரையில் விழுந்த பந்துதான்.

ஒரு பயிற்சித் திடலிலோ, கிளப்பில் அனுமதி கேட்டு ஆட்டம் தொடங்குமுன் ஒரு வெறுமையான பெயார்வேயிலோ (புல் வெட்டிய ஆட்டப்பாதையிலோ) செய்யலாம். நுவரெலியா கோல்ப் கிளப் 1889 முதல் நகரின் நடுவிலேயே இருக்கிறது, ஆட்கள் நடமாடும் இடம். பாதுகாப்பை உறுதி செய்யாமல் ஒரு பந்துகூட அடிக்கக்கூடாது. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட விக்டோரியாத் திடல் விரிந்த நிலம், ஆனால் அங்கே உயரம் வேறு. மென்பொருளில் அந்த உயரத்தைக் கொடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

காற்று அமைதியான காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இதைச் செய்து பிரயோசனமில்லை. தரையில் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் மரங்களின் உச்சியையும் பாருங்கள். பள்ளத்தில் கொடி அசையாமல் நிற்கும்போது மேலே யூகலிப்டஸ் கிளைகள் ஆடிக்கொண்டிருக்கும். பந்து அதிக நேரம் இருப்பது அந்த உயரத்தில்தான். சிமியுலேட்டரில் நாம் கொடுக்கும் ஒற்றைக் காற்று எண்ணில் இந்த மேல் கீழ் வித்தியாசம் வராது.

மூன்று மட்டைகள் போதும்: ஒரு வெட்ஜ், 7-அயன், மிகத் தூரம் அடிக்கும் ட்ரைவர். ஒவ்வொன்றாலும் பன்னிரண்டு தடவை அடியுங்கள். அறையில் பாவித்த அதே வகைப் பந்து, நல்ல நிலையில். பயிற்சித் திடலின் வாளிப் பந்துகளை வைத்துச் செய்தால் பந்தின் தரத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

விழும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பாதுகாப்பான தூரத்தில், பக்கவாட்டில். அனுபவமுள்ள கெடி ஒருவர் கிடைத்தால் அதைவிடச் சிறந்த துணை இல்லை. பந்து வானத்தில் இருக்கும்போதே எங்கே விழும் என்று சொல்லும் கண் அவர்களுடையது. "அண்ணே, உருண்டு நின்ற இடம் வேணாம், முதல்ல குத்தின இடத்தில் குச்சி நடுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். பாதி அளவீட்டை அவர்தான் செய்கிறார். பின்னர் லேசர் தூரமானியால் ஒவ்வொரு குச்சிக்கும் தூரத்தையும், குறிக்கோட்டிலிருந்து இடம் வலம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். தூரமானியின் சரிவுக் கணக்கை அணைத்துவிட வேண்டும். விழும் இடமும் அடிக்கும் இடமும் ஒரே மட்டத்தில் இருப்பது முக்கியம்: 45 பாகையில் இறங்கும் பந்துக்குத் தரை 10 மீற்றர் தாழ்ந்திருந்தால் 10 மீற்றர் கூடுதலாகப் போகும். 50 பாகையில் இறங்கினால் எட்டரை மீற்றர்தான். மெல்லிய காற்றில் பந்து சாய்வாக இறங்குவதால், இறக்கத்தில் கிடைக்கும் கூடுதல் தூரமும் நூரளையில் அதிகம்.

கையடக்கக் கருவி என்றால் அதையும் வெளியே கொண்டுபோய், அது காட்டும் பந்து வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

வீட்டுக்கு வந்து மட்டைக்கு மட்டை நடு எண்ணை எடுங்கள். பன்னிரண்டையும் வரிசைப்படுத்தி, ஆறாவது ஏழாவது எண்களுக்கு நடுவே வருவது. சராசரி எடுத்தால் ஒரு மோசமான அடி முழுக்கணக்கையும் இழுத்துவிடும்.

படி 7: வித்தியாசத்தை வாசிப்பது

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை எந்த வடிவத்தில் வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

மூன்று மட்டைகளும் ஒரே அளவு சதவீதம், 5 முதல் 7 வரை, வெளியே கூடுதலாகப் போயிருந்தால் அது காற்று. படி 3க்குத் திரும்பிப் போங்கள். உயரம் பதிவாகவில்லை, அல்லது கடல்மட்ட அழுத்தத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற எதையும் ஆராயுமுன் இதை முடித்துவிட வேண்டும். காற்றுப் பிழை எல்லா எண்களிலும் கலந்து மற்றக் காரணங்களை மறைத்துவிடும்.

எல்லா மட்டைகளும் ஒரே பக்கம் விலகி, தூரம் கூடக்கூட விலகலும் கூடுகிறதா? கருவியின் நேர் பிசகியிருக்கிறது. மறுபடி நூல்.

வெட்ஜ் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சுழற்சியைச் சந்தேகியுங்கள். ஈரப்பந்தா, தேய்ந்த மட்டையா, இல்லை கருவி சுழற்சியை ஊகிக்கிறதா? ராடார் வைத்திருப்பவர்கள் அடையாளம் வைத்த பந்தோடு அறையில் மறுபடி அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

ட்ரைவர் மட்டும் வெளியே அதிகம் போகிறதா? பந்து வேகத்தைப் பாருங்கள். அறையில் வேகம் குறைவாக இருந்தால், கூரையில் மட்டை படுமோ என்ற பயத்தில் உங்கள் உடல் தானாகவே சுவிங்கைச் சுருக்கியிருக்கிறது. ட்ரைவரில் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால் கெரி சுமார் 2 யார்ட் குறையும். கூரை பத்து அடியாவது இல்லாத அறையில் உயரமான ஆட்டக்காரருக்கு ட்ரைவர் எண் சரியாக வருவது கடினம். இதை மென்பொருளில் திருத்த முயல வேண்டாம். ட்ரைவர் பயிற்சியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு அறையில் பெரிதாகவும் வெளியே சிறிதாகவும் இருந்தால், ஓரளவு அது இயல்பு. கடல் மட்டத்தில் சுழல் அச்சு 5 பாகை சாய்ந்தால் ஒவ்வொரு 100 யார்ட் கெரிக்கும் ஏறக்குறைய 3.5 யார்ட் விலகும். நூரளைக் காற்றில் அது 3க்குப் பக்கம் வரும். உயரத்தைச் சரியாகக் கொடுத்த பின்னும் வளைவு இரட்டிப்பாகத் தெரிந்தால் கருவி அச்சைப் பிழையாக வாசிக்கிறது.

எல்லாம் சரிசெய்த பின்னும் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் நிற்கும். பந்தின் நிலை, காற்றின் சிறு அசைவு, உங்கள் உடல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதோடு விட்டுவிடுங்கள்.

கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங்கைப் பற்றி ஒரு வரி: அறைக்குள் பட்டிங் எண்களை ஒப்பிட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கிரீனின் புல்லும் சரிவும் ஈரமும் திரையில் இல்லை.

படி 8: இரண்டு நிரல் உள்ள அட்டை

இப்போது உங்கள் சிமியுலேட்டர் உங்கள் மலையின் காற்றைப் பேசுகிறது. அதே அமைப்பில் ஒவ்வொரு மட்டைக்கும் நல்ல அடிகள் சில அடித்து, கெரி நடு எண்ணை அட்டையின் முதல் நிரலில் எழுதுங்கள்: நுவரெலியா, 1868 மீற்றர், 16 பாகை. பிறகு உயரத்தைப் பூச்சியமாகவும் வெப்பத்தை 30 ஆகவும் மாற்றி, கொழும்பு என்ற இரண்டாம் நிரலை எழுதுங்கள். பழைய அடிகளைச் சேமித்து வைத்து, புதிய காற்றில் மறுகணக்குப் போடும் மென்பொருள் என்றால் மறுபடி அடிக்கத் தேவையில்லை.

கெரியோடு உச்சி உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். றோயல் கொழும்பில், 1879இல் தொடங்கிய அந்தப் பழைய கிளப்பில், மலைப்பிள்ளை ஒருவர் முதன்முதல் ஆடும்போது பந்து வழமையை விட உயரமாகப் போய், முன்னாலேயே செங்குத்தாக விழுவதைக் கண்டு பிழையாக அடித்துவிட்டோம் என்று நினைப்பார். கடற்கரைக் காற்றில் அந்த அடி அப்படித்தான் போக வேண்டும் என்று அட்டையில் இருந்தால் அடுத்த அடியை மாற்ற மாட்டார். போட்டிக்கு முந்திய இரண்டு வாரமும் அறையில் கொழும்பு அமைப்பை மட்டும் ஓடவிட்டு, கண்ணை அந்த உயரத்துக்குப் பழக்குங்கள். பயிற்றுநர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: கிளப்பிலோ ஹோட்டலிலோ சிமியுலேட்டர் இருந்தால், ஆள் குறைந்த நேரத்தில் கெடிப் பிள்ளைகளுக்கும் இந்த அட்டையைப் போட்டுக்கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

பந்தின் வகையை மாற்றினாலோ, கருவியை இடம் நகர்த்தினாலோ, மென்பொருளைப் புதுப்பித்தாலோ, முதலில் அமைப்புப் பகுதியைத் திறந்து உயரமும் வெப்பமும் நீங்கள் கொடுத்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். புதுப்பிப்புக்குப் பின் அவை சத்தமில்லாமல் பூச்சியத்துக்குத் திரும்பியிருக்கலாம். அவை சரியாக இருந்தும் 7-அயன் எண் அட்டையோடு 3 யார்டுக்கு மேல் ஒத்துப்போகாவிட்டால், குச்சிகளையும் தூரமானியையும் எடுத்துக்கொண்டு படி 6ஐ அந்த ஒரு மட்டைக்கு மட்டும் மறுபடி செய்யுங்கள்.